ஒரு கைப்பிடிக்கு மூன்று கொட்டேஷன்

மூன்று பெண்களை விசாரித்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் இவளைக் கட்டிக்கொண்டார். இதை அவரே நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் சொல்லிச் சிரிப்பார். "மூணாவது கொட்டேஷன் இவ. எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து எடுத்தது. இன்னிக்கு வரைக்கும் ஒரு ரிப்பேர் வந்ததில்லை" என்பார். கூட்டம் சிரிக்கும். அவளும் சிரித்துவைப்பாள். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்; அதற்குச் சிரித்துவிட்டுப் போவதே மேல் என்று அவளுக்குப் பழகிவிட்டது.

பஸ் டிப்போவில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு நட்டு வாங்குவதென்றாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்டு, ஒப்பிட்டு, எது சரி என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. மற்ற ஸ்டோர்கீப்பர்களுக்கு அந்த விதியைச் சாயங்காலம் பூட்டிவிட்டு வரத் தெரிந்திருந்தது. இவர் மட்டும் அதைச் சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மின்விசிறி, மெத்தை, மகளுக்குப் பள்ளிக்கூடம், பின்னால் மகளுக்கு மாப்பிள்ளை, எல்லாமே மூன்று. அவளுடைய தம்பிதான் அவருக்குக் 'கொட்டேஷன்' என்று பெயர் வைத்தான். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னவன், அவருக்கே அது பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் நேராகவே கூப்பிட ஆரம்பித்தான். சொந்தக்காரர்கள் பிரிட்ஜ் வாங்கப் போவதற்கு முன்னால் அவருக்குப் போன் போடுவார்கள். அன்றைக்கு முழுக்க அவருக்கு உச்சி குளிர்ந்திருக்கும். "என்னை ஏமாத்துற கடைக்காரன் இன்னும் பொறக்கலை" என்பார். அது உண்மைதான், பொய் சொல்லக் கூடாது. அவர் ஏமாந்ததே கிடையாது. அவர் ஏமாறாமல் இருப்பதற்காக வீட்டிலிருப்பவர்கள் எவ்வளவு காலம் விசிறி இல்லாமல் வெந்தார்கள் என்பதைத்தான் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். படுக்கை விரிப்புகள் மெஷினிலிருந்து வெளியே வரும்போது தண்ணீரைக் குடித்துக்கொண்டு கல்லாய்க் கனக்கும். அவற்றை வாரி வண்டியில் போட்டு, உலர்த்தி, இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று உதறி மடிக்க வேண்டும். நாள் முழுக்க ஈரச் சிமெண்டுத் தரையில் நிற்கும் வேலை. அங்கே யாருக்கும் நாற்காலி கிடையாது, கேட்டால், "உட்கார்ந்துக்கிட்டு எப்படி மடிப்பீங்க?" என்பார் மேற்பார்வையாளர். அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷத்தில் யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை. வேலையை விட்டபோது அவளுக்குக் கைநிறையக் கொடுத்தனுப்பியது ஒன்றுமில்லை. முழங்கால் இரண்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

முழங்காலைப் பார்த்த டாக்டரம்மா மாத்திரையை எழுதிவிட்டு, "பாத்ரூம்ல புடிச்சுக்க ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"சுவர் இருக்கு" என்றாள் இவள்.

"சுவரைப் புடிக்க முடியாதும்மா. ஒரு கைப்பிடி போட்டுக்குங்க. உங்க வயசுல மூட்டு வலியால யாரும் படுத்துட மாட்டாங்க. விழுந்தாத்தான் படுத்துடுவாங்க."

அன்றைக்கே ஆஸ்பத்திரி வாசலிலிருந்த மருந்துக்கடையில் அவள் கைப்பிடியை வாங்கிவிட்டாள். முழங்கை நீளத்தில் ஒரு ஸ்டீல் கம்பி. இந்த முனையில் இரண்டு ஓட்டை, அந்த முனையில் இரண்டு ஓட்டை, திருகாணிகள் ஒரு சின்னப் பையில். அவள் தன் வாழ்நாளில் யாரையும் கேட்காமல் ஒரே கடையில் வாங்கிய முதல் சாமான் அதுவாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வரும்வரை பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டாள்.

அவர் கோபப்படவில்லை. கம்பியைத் தட்டிப் பார்த்தார், சுரண்டிப் பார்த்தார். "பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதே பெரிய விஷயம். பிறகு அவளைக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது பின்கட்டில் ஒரு படி இறங்கிப் போகும் இடம். தரையில் வழவழவென்று டைல்ஸ், சுவரில் தோளுக்கு மேலே வரை வெள்ளை டைல்ஸ். "படிகிட்ட இயல்பா நில்லு. இப்ப கையை நீட்டு. எங்க போகுது உன் கை?" என்றார். அவள் கை போன இடத்தில் ரசமட்டத்தை வைத்து, குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து, பென்சிலால் நான்கு புள்ளி வைத்தார். அளவெடுப்பதில் அவரை யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. அவளுக்கே அன்று மனசு குளிர்ந்துபோயிற்று. கட்டிக்கொண்ட பிறகு அவளுக்கென்று அவர் அளவெடுத்தது அதுதான் முதல் தடவை.

இனி வேண்டியது நாலு ஓட்டை. அதற்கு ஒரு டிரில். அங்கேதான் வந்தது வினை.

தெருமுனையில் ஒரு எலக்ட்ரீஷியன் இருந்தான். அவள் சலவைக்கூடத்துக்குப் போய்வந்த காலத்திலிருந்தே "அக்கா, அக்கா" என்று அவளிடம் பிரியமாக இருப்பவன். கேட்டதுமே, "கைப்பிடிதானேக்கா, மெஷினை எடுத்துக்கிட்டு வந்து போட்டுட்டுப் போறேன்" என்றான். அதை வந்து சொன்னதும் இவர் கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"அவன் அடுத்த தெருவுல ஒரு வீட்டுல டைல்ஸை விரிசல் விட வச்சவன். விரிசல் விட்டா அந்த டைல்ஸ் இப்ப கிடைக்குமா? கம்பெனியையே இழுத்து மூடிட்டான். நாமே ஒரு டிரில் வாங்கிடுவோம். வீட்டுல இருக்க வேண்டிய சாமான்தான்."

"நாலு ஓட்டைக்கு ஒரு மெஷினாங்க?"

"நாலு ஓட்டைன்னு ஏன் பார்க்கிறே? ஹால்ல ஒரு அலமாரி போடலாம். திரைச்சீலைக் கம்பி ஆடுது. கண்ணாடி மாட்டணும். யோசிச்சா வேலை தானா வரும்."

முதல் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார். விற்பனைப் பையன் ஒயர் உள்ளதைக் காட்டினான். அதுதான் விலை குறைவு, சுவரைக் குடையும்போது அடியும் பலம் என்றான். குளியலறையில் பிளக் கிடையாது, ஈரத்தில் ஒயரை இழுத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று இவர் சொன்னார். அது நியாயம்தான். உடனே அவன் பேட்டரியில் ஓடுவது ஒன்றை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தான். பன்னிரண்டு வோல்ட். ஈரத் துண்டைவிடக் கனம் குறைவு.

"வீட்டுக்கு எப்பவாவது எடுக்கிறதுக்கு இது போதும் சார். சுவர்ல போடும்போது தட்டித் தட்டிக் குடையுற செட்டிங் இருக்கு. டைல்ஸுக்கு மட்டும் அதை அணைச்சுட்டு, ஈட்டி முனை மாதிரி ஒரு பிட் இருக்கு பாருங்க, அதைப் போட்டு மெதுவா ஓட்டுங்க. விரிசல் விடாது. பெட்டியில ரெண்டு பேட்டரி."

அவள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்றாள். முடிந்தது வேலை என்று நினைத்தாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அப்படி நினைத்தாளே, அவளை என்ன சொல்வது.

"பார்க்கலாம்" என்றார் அவர்.

இரண்டாவது கடை குளுகுளு வசதியுள்ள பெரிய கடை. அங்கே பதினெட்டு வோல்ட் காட்டினார்கள். மோட்டாருக்குள் தேய்கிற கார்பன் துண்டு இல்லாத புது மாதிரி, பத்து வருஷத்துக்கு உழைக்கும் என்றார்கள். "மோட்டார் பத்து வருஷம் உழைக்கும், சரி. பேட்டரி?" என்று கேட்டார் இவர். "மூணு நாலு வருஷம் சார்." "அதுக்கப்புறம் இதே பேட்டரி கிடைக்குமா? எழுதிக் கொடுப்பீங்களா?" விற்பவன் டிரில்லை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான். இவர் வெற்றி வீரராக வெளியே வந்தார். கையில் டிரில் இல்லை.

மூன்றாவது இணையம். அங்கேதான் மனிதர் மாட்டிக்கொண்டார். கடைக்குப் படி உண்டு, ஏறி இறங்கிவிடலாம். இதற்கு ஏது கரை? ஒருவன் அருமை என்று எழுதியிருப்பான். அடுத்தவன் முதல் ஓட்டையிலேயே புகை வந்துவிட்டது என்று எழுதியிருப்பான். இவர் புகை வந்தவர்களை மட்டும் தேடித் தேடிப் படித்தார். ஆம்பியர் கணக்கு, முறுக்குவிசை, பிட்டைக் கவ்வும் வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கும் என்றெல்லாம் சாப்பிடும்போது சொல்லுவார். பன்னிரண்டு வோல்ட் கான்கிரீட்டில் திணறும் என்பார் ஒருநாள். பதினெட்டு வோல்ட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு போய்விடும் என்பார் மறுநாள். குளியலறைச் சுவரில் கான்கிரீட்டும் இல்லை, வேலை தலைக்கு மேலேயும் இல்லை. அவள் அதைச் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கைப்பிடி பிளாஸ்டிக் உறையோடு அலமாரி மேல் கிடந்தது. அவள் ஒவ்வொரு நாளும் அந்தப் படியில் இறங்கும்போது சுவரில் உள்ளங்கையை ஒட்டிக்கொண்டு இறங்கினாள். புள்ளிகள் நாலும் அவள் கைக்கு நேராக இருந்தன. தண்ணீர் பட்டு மங்கும்போதெல்லாம் அவர் மறக்காமல் பென்சிலைக் கொண்டுவந்து திரும்ப வைத்துவிட்டுப் போவார்.

ஒருநாள் அவர் புதிதாகத் திறந்திருந்த இன்னொரு கடையை விசாரிக்கப் போனார். அவளுக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள். அவன் நீளமான ஒயரைச் சமையலறையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, முதல் புள்ளியின்மேல் பிட்டின் முனையை வைத்துவிட்டான். அவள் வாசற்படியில் கைப்பிடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து அவர் வந்து சேர்ந்தார். அந்தப் புதுக் கடைக்கு அன்று விடுமுறையாம்.

"நிறுத்துப்பா" என்றார் அவர். சத்தம்கூடப் போடவில்லை. "யாரைக் கேட்டு வந்தே?"

"அக்காதான் சார் கூப்பிட்டாங்க. ரொம்ப நாளா..."

"அக்காவுக்கு டிரில்லைப் பத்தி என்ன தெரியும்? துணி மடிக்கத் தெரியும். நீ கிளம்பு. நான் இவ்வளவு விசாரிச்சு வச்சிருக்கிறது எதுக்கு? அவசரப்பட்டு உங்கிட்ட குடுக்கிறதுக்கா?"

எலக்ட்ரீஷியன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை, "போடு தம்பி" என்று சொல்லியிருந்தால் போட்டுவிட்டே போயிருப்பான். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். "இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாம் தம்பி. தப்பா எடுத்துக்காதே" என்றாள். அவன் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனான். அவர்மேல் அவளுக்கு வந்த ஆத்திரத்தைவிட, அந்த ஒரு வார்த்தைக்காகத் தன்மேல் வந்த ஆத்திரம்தான் பெரிது. பின்னால் ஆஸ்பத்திரியில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோதெல்லாம் அவள் அந்த வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். போடு தம்பி. போடு தம்பி.

அவள் விழுந்தது சாதாரணமான ஒரு காலையில். படியில் இடது காலை வைத்தாள், முழங்கால் மடங்கிவிட்டது. கை தானாகச் சுவருக்குப் போயிற்று. சரியாக அந்தப் புள்ளிகளுக்குத்தான் போயிற்று, அவர் அளவு அவ்வளவு துல்லியம். பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. வழவழவென்ற டைல்ஸில் உள்ளங்கை மேலிருந்து கீழே வரை வழுக்கிக்கொண்டு வந்தது. பக்கவாட்டில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. ஹாலிலிருந்து அவர் ஓடிவந்தார், கையில் போனோடு. போனில் யாரோ ஒருவன் ஒரு டிரில்லின் பெட்டியைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஆபரேஷன் நடந்தது. எலும்பு தேய்ந்து மாவாகிவிட்டது, இனி ஊன்றி நிற்பது சிரமம், சக்கர நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார்கள். வெளியூரிலிருந்து மகள் வந்தாள். கைப்பிடி இன்னும் உறையோடு அலமாரி மேல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, நேராக ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து அப்பாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டாள்.

"எந்த டிரில்லுப்பா நல்ல டிரில்லு? இப்பவாவது முடிவுக்கு வந்தீங்களா? அம்மா படுத்தாச்சு, இனிமே அவசரமில்லை, நிதானமா விசாரிங்க."

அவர் எழுந்து போனார். முதல் கடைக்குப் போய், முதலில் பார்த்த அந்தப் பன்னிரண்டு வோல்ட்டையே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் தொடங்கி மத்தியானம் வரை ஒற்றை ஆளாக நின்று, டைல்ஸில் ஒரு கீறல் விழாமல் நாலு ஓட்டை போட்டு, பிளாஸ்டிக் முளையைத் தட்டி, கைப்பிடியைத் திருகி முடித்தார்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று முதல் வேலையாக நாற்காலியைக் குளியலறை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். படிக்கு மேல் ஒரு சரிவுப் பலகையும் போட்டு வைத்திருந்தார். "பாரு. ஒரு நூல் சாயலை. நானே தொங்கிப் பார்த்தேன், அசையலை" என்றார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இல்லாமல் எங்கே போகும்?

அவள் கையைத் தூக்கினாள். கை எட்டவில்லை. இன்னும் நிமிர்ந்து தூக்கினாள்; இடுப்பில் வலி பிடுங்கியது. கம்பி அவள் தலைக்கு மேலே பளபளவென்று நின்றது.

"இது நான் நின்னப்ப எடுத்த அளவு" என்றாள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பியைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "கீழே இன்னொண்ணு போட்டுடலாம்" என்றார். "ஆனா உட்கார்ந்து எழுந்திருக்கிறவங்களுக்கு வேற மாதிரி வருதாம். மடக்குற மாதிரி ஒண்ணு இருக்கு. எல் வடிவத்துல ஒண்ணு இருக்கு. எதுன்னு மூணு இடத்துல விசாரிச்சுட்டு..."

அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பைக் கேட்டு மகள் பயந்துபோய் ஓடிவந்தாள்.

"நீ கிளம்பு" என்றாள் மகளிடம். "வழியில எந்தக் கடை முதல்ல வருதோ, அங்க எந்தக் கைப்பிடி முதல்ல கண்ணுல படுதோ, அதை வாங்கிக்கிட்டு வா. வரும்போது தெருமுனையில எலக்ட்ரீஷியன் தம்பி இருப்பான், கையோட கூட்டிக்கிட்டு வந்துடு."

எலக்ட்ரீஷியன் வந்தான். அவளை நாற்காலியில் பார்த்ததும் செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றான். அவர் தன் டிரில்லைப் பெட்டியோடு கொண்டுவந்து நீட்டினார். "இதுல போடு தம்பி. புதுசு" என்றார். அவன் வாங்கிக் கையில் எடை பார்த்துவிட்டு, "நல்ல மெஷின் சார். வீட்டுக்கு இது போதும்" என்று திருப்பிக் கொடுத்தான். "என் கைக்கு இது பழக்கம்" என்று தன் பழைய மெஷினை எடுத்துக்கொண்டான். மகள் அவனுக்கு டீ போட அடுப்பில் பாலை வைத்தாள்.

ரசமட்டம் எதுவும் இல்லை. "கையை வையுங்கக்கா" என்றான். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி சுவரில் கையை வைத்தாள். அந்த இடத்தில் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மெஷினை ஓட்டினான். வெள்ளைத் தூள் பறந்தது. முளையைத் தட்டினான், திருகினான், கம்பியை ஒரு உலுக்கு உலுக்கினான்.

"புடிச்சுப் பாருங்கக்கா."

அவள் பிடித்தாள். கம்பி சில்லென்று இருந்தது. உடம்பின் கனத்தையெல்லாம் கொடுத்து இழுத்தாள். அசையவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுதுக்கா."

"இவ்வளவுதானா?"

வேலையைப் பற்றிக் கேட்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். "ஆமாக்கா. நாலு ஓட்டைதானே" என்றான்.

சமையலறையில் பால் அப்போதுதான் பொங்கி வந்தது. மகள் அணைக்க ஓடினாள். இவள் கம்பியை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே, யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், வாய்விட்டு அழுதாள். "நாலு ஓட்டைதானே, நாலு ஓட்டைதானே" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். எலக்ட்ரீஷியன் என்ன செய்வதென்று தெரியாமல் மெஷினைப் பைக்குள் வைத்தான். அவர் தரையில் குனிந்து உட்கார்ந்து, சிந்திக்கிடந்த வெள்ளைத் தூளை உள்ளங்கையால் கூட்டி அள்ள ஆரம்பித்தார்.